பானட் மேல் மஞ்சள் நூல்

மார்ச் 2

என் வாலுக்குட்டிக்கு,

முதலில் நம் வீட்டுப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. உன் அண்ணன் பல் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டான். இனி மிச்சமிருக்கும் என் ஏழு பல்லுக்கும் கவலையில்லை. உன் அக்கா நீச்சலில் கோப்பை வாங்கினாள். சின்னவன் கணக்கில் நூற்றுக்கு நூறு. செருப்பை மட்டும் இன்னும் கால் மாற்றித்தான் போடுகிறான்.

உன்னைப் பற்றி யாராவது கேட்டால், "பந்தயக் காருக்குள்ள காத்து போக வழி பண்றா" என்கிறேன். "காத்துக்கு எதுக்கு வழி? அது தானா போகுமே" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. அஞ்சாவதோடு நின்றவள் நான், பதிலை நீயே எழுது.

நீ கேட்டபடி நைலான் கலக்காத கம்பளி நூல், மஞ்சள் நிறம், விரல் நீளத்தில் இருநூறு துண்டு இதோடு வருகிறது. எதற்கென்று எழுது. இந்தச் சோதனையும் தவறினால் வேலை போய்விடும் என்றாயே, பார்த்துச் செய். அப்பாவைப் பற்றிக் கேட்காதே. நீ வேலைக்கென்று ஊரைவிட்டுப் போன கோபம் இன்னும் ஆறவில்லை. உன் பேச்சை எடுத்தாலே தையல் மெஷினை வேகமாக மிதிக்கிறான்.

உன் பாட்டி

மார்ச் 19

செல்லப் பாட்டிக்கு,

எதிர்வீட்டு அத்தையிடம் சொல்: காற்று தானாகப் போகும், நாம் நினைத்த இடத்துக்குத்தான் போகாது. வண்டியின் அடிப்பக்கத்தைப் பலகைபோல மூடினோம். காற்று அடியில் வேகமாக ஓடி வண்டியைத் தரையோடு பிடிக்கும். ஆனால் எஞ்சின் சூடு உள்ளேயே அடைந்துகொண்டது. எஞ்சினை மேலே மூடும் பானட்டில் திறப்பு வைக்கலாம் என்றேன். முதல் முறை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வெட்டித் தொலைத்தேன். அங்கே காற்று வெளியே வராமல் உள்ளே புகுந்தது. "இன்னொரு பானட்டக் கெடுத்தே, பெட்டியக் கட்டிடு" என்றார் பட்டறைத் தலைவர்.

இந்த முறை முன்னால், ரேடியேட்டரை ஒட்டி வெட்டினேன். சுற்றிலும் உன் நூலை ஒட்டினேன். காற்றைக் கண்ணால் பார்க்க அதுதான் வழி. கடை நூலில் நைலான் இருப்பதால் சூட்டில் உருகிவிடுகிறது. வண்டி ஓடியது. பாட்டி, ஒரு நூல்கூட உள்ளே மடங்கவில்லை! எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு ஆடின. சூடு இறங்கியது, வேலை நிலைத்தது. இதோடு படம் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இருநூறு துண்டும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுகிறவள் நீ. யார் வெட்டியது?

உன் வாலு

ஏப்ரல் 4

வாலுக்குட்டிக்கு,

மாட்டிக்கொண்டேன். உன் அப்பாதான்.

வீட்டில் வேறு நல்ல கம்பளி இல்லை. உனக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்ன ஒரு கைதான் பாக்கி இருந்தது. பார்த்தவன் உன் கடிதத்தை வாங்கிப் படித்தான். "அவ திரும்பி வரணும்னுதானேடா இருந்தே?" என்றேன். "வரட்டும். தோத்துட்டு வரவேணாம்" என்று துணி வெட்டும் பெரிய கத்தரியோடு உட்கார்ந்துவிட்டான். நான் வெட்டிய பத்துத் துண்டைக் கோணல் என்று ஒதுக்கினான், திமிரைப் பார்!

நீ அனுப்பிய படம் இப்போது கடைச் சுவரில், அளவு நாடாவுக்குப் பக்கத்தில். வருகிறவர்களுக்கு நூலை மட்டும் காட்டி, "கட்டிங் நம்மளுது" என்கிறான்.

வண்டிக்கடியில் படுக்கத் தோதாக, கெட்டித் துணியில் உனக்குக் கோட்டுத் தைக்கப் போகிறானாம். அளவு கேட்கத்தான் வாய் வரவில்லை. படத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்வானாம். அதனால் புதுப் போட்டோ ஒன்று உடனே தபாலில் போடு. காரை எடுக்காதே. நீ நேராக நில். கையைக் கட்டிக்கொள்ளாதே, தோள் அளவு தெரியாதாம்.

உன் பாட்டி