மகிழமரத்தைச் சுற்றி நான் கட்டிய மேடையை நானே உடைக்க அனுமதி கோரி

அனுப்புநர்:
அ. சுகுமாரன் (வயது 66),
டைல்ஸ் பதிப்பவர் (ஓய்வு),
சூலியா தெருப் பின்சந்து,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
மரப் பராமரிப்புப் பிரிவு,
நகர நிர்வாக அலுவலகம்,
ஜார்ஜ் டவுன்.

பொருள்: சந்து முனை மகிழமரத்தை 23.6.2025 அன்று வெட்டும் உத்தரவை நிறுத்திவைக்கவும், அதன் வேர்களை மூடியிருக்கும் மேடையை அகற்ற அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சந்து முனையில் நிற்கும் மகிழமரத்தில் தங்கள் பிரிவினர் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். மரம் நோயுற்றது, பொதுமக்களுக்கு ஆபத்தானது, ஆகவே வெட்டப்படும் என்று அதில் கண்டிருக்கிறது. அறிவிப்பு மிக நேர்த்தியாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் மரத்திற்கு நோய் ஏதும் இல்லை, தாகம்தான். அதற்குக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் நடைபாதை போட்ட தங்கள் குத்தகையாளர். மற்றவர் இந்த மனுவில் கையொப்பமிடுபவர்.

1. அந்த மரத்தின் நிழலில் என் மனைவி தனலெட்சுமி பத்தொன்பது ஆண்டுகளாகப் பூக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு உரிமம் வழங்கியது தங்கள் அலுவலகமே. நிழல் போனால் காலை பத்து மணிக்குள் மல்லிகை வாடிவிடும். வாடிய மாலையை யாரும் சாமிக்கு வாங்கமாட்டார்கள். கடையை மூட வேண்டியதுதான். மூடினால் அவர் நாள் முழுவதும் வீட்டில் என்னோடு இருக்க நேரிடும். இதை இரு தரப்பினரும் விரும்பவில்லை.

2. 2021இல் நடைபாதைக்குக் கல் பதிக்க வந்த குத்தகையாளர், ஒரு விரற்கடை மண்கூட விடாமல் மரத்தின் அடிவரை பதித்தார். மரம் என்றால் பருக்கும் என்பது அவருடைய வரைபடத்தில் இல்லை போலும். இரண்டு ஆண்டில் ஒரு வேர் கல்லைத் தூக்கியது. சுற்றுலாப் பயணி ஒருவர் தடுக்கி விழுந்தார். குத்தகையாளர் மறுநாளே வந்து அந்த வேரை வெட்டி, மேலே சிமெண்டு பூசிச் சென்றார். கல்லைத் தூக்கிய வேருக்குத் தண்டனை கிடைத்தது. வேரின்மேல் கல்லை வைத்தவருக்கு அடுத்த தெருவிலும் வேலை கிடைத்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

3. இனி என் பங்கு. 2024 தைப்பூசத்திற்குச் சந்துக்காரர்கள் நாங்கள் சேர்ந்து அந்த மரத்தடியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ரதத்தோடு வெறுங்காலில் வருபவர்கள் சற்று உட்கார்ந்து மோர் குடிக்கட்டுமே என்று, மரத்தைச் சுற்றி எட்டடி அகலத்தில் வட்ட மேடை ஒன்று கட்டினேன். பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய நீல டைல்ஸ் கையிருப்பில் இருந்தது. மோர் சிந்தி ஊறி நாறக்கூடாதே என்று, தண்ணீர் இறங்காத பூச்சை இரண்டு முறை பூசினேன். வாட்டமும் கொடுத்தேன், மேடைமேல் விழும் மழை அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். அனுமதி கேட்கவில்லை. புண்ணியத்திற்கு யார் ஐயா அனுமதி கேட்கிறார்கள்? தங்கள் அலுவலக ஊழியர்கள் இருவர்கூட அதில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, வேலை சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

4. அந்த ஆண்டு கடைசியில் இலை மஞ்சளாயிற்று. பிறகு உச்சிக்கிளை காய்ந்தது. பூவை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. நான் குத்தகையாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவியிடம் பூ வாங்க வருபவர் நூர் ஃபாத்திஹா. செபராங் ஜெயாவில் செடிப்பண்ணை வைத்திருக்கிறார். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் இறங்க வேண்டும், திட்டுவதற்கு முன்னால் அவர் பதித்த கல், நீங்கள் கட்டிய மேடை இரண்டையும் தோண்டிப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார்.

தோண்டிப் பார்த்தேன். மேடைக்கு வெளியே இருந்த குத்தகையாளரின் கல் கையோடு வந்துவிட்டது. அவ்வளவு அருமையான வேலை. இடுக்கெல்லாம் தண்ணீர் இறங்கி, அடியில் மண் ஈரமாக இருந்தது. நூல் நூலாக வெள்ளை வேர்கள் உயிரோடு இருந்தன. அவருடைய அரைகுறை வேலைதான் மரத்தை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. என் மேடையில் ஒரு சாண் அளவு குடைந்து மண்ணைத் தொட அரை நாள் ஆயிற்று. மண் மாவாகக் காய்ந்திருந்தது. வேரைத் தொட்டேன்; ஒடிந்து கையோடு வந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் பதித்த எந்த இடத்திலும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்று போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசியவன் நான். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "நீங்க வேலைய ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்க லா. அதான் மரம் சாவுது" என்றார். பிறகு பூக்கட்டப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிவிட்டு, நிழல் தந்த மரத்தின் வாயை அடைத்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

5. மேடையை உடைக்க அனுமதி கேட்டுத் தங்கள் அலுவலகத்தில் மூன்று சேவை முகப்புகளில் வரிசையில் நின்றேன். முதலாமவர், உடைப்பது கட்டடப் பிரிவு என்றார். கட்டடப் பிரிவினர், நடுவில் மரம் இருப்பதால் மரப் பிரிவு என்றனர். மரப் பிரிவு முகப்பில் இருந்த திரு. கமாலுதீன் நல்ல மனிதர், கணினியில் வெகுநேரம் தேடிவிட்டு, "அங்கிள், ஃபைல்ல இல்லாத மேடைய உடைக்க நான் எப்படி அங்கிள் பெர்மிட் கொடுக்கிறது? மரத்துக்கு நம்பர் இருக்கு, அத வெட்டலாம்" என்று வருத்தத்தோடு சொன்னார். ஆக, பதிவில் இல்லாத காரணத்தால் குற்றம் செய்த மேடை தப்பித்தது. பதிவில் இருக்கும் காரணத்தால் மரம் சாக வேண்டியிருக்கிறது. இந்த மனு அந்தக் குறையையும் தீர்க்கும். மேடை இருக்கிறது, கட்டியவன் நான் என்று எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன். அருள்கூர்ந்து இதையே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. நான் கேட்பது இவ்வளவுதான். வெட்டும் உத்தரவை ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். மேடையையும், அதற்கு வெளியே சுற்றி ஐந்தடிக்கு உள்ள நடைபாதைக் கல்லையும் சிமெண்டையும் நான் என் கையாலேயே வேர் நோகாமல் அகற்ற அனுமதியுங்கள். கூலி வேண்டாம். திறந்த மண்ணின்மேல், நடப்பவர்கள் மிதித்து இறுக்காமல் இருக்க, ஓர் இரும்புக் கம்பித் தட்டி மட்டும் தாருங்கள். இனி நடைபாதை போட வருபவர் யாராக இருந்தாலும், மரத்தைச் சுற்றி இடம் விட்டால்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள். ஆறு மாதத்தில் புதுத் தளிர் வராவிட்டால், வெட்ட வருபவர்களுக்கு நானே வழிவிட்டு நிற்பேன். வேறு ஒன்றும் பேசமாட்டேன்.

தங்கள் பதில் 19ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால், மறுநாள் காலை ஏழு மணிக்கு அனுமதியின்றியே உடைக்கத் தொடங்குவேன் என்பதையும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். தடுக்க அமலாக்க அதிகாரியை அனுப்புவது தங்கள் கடமை. அவர் வெயிலில் நிற்க வேண்டாம். மரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் உட்காரும் அளவுக்கு நிழல் இன்னும் இருக்கிறது.

இடம்: ஜார்ஜ் டவுன்
நாள்: 12.6.2025

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அ. சுகுமாரன்

இணைப்பு: பிளாஸ்டிக் உறையில் ஒடிந்த வேர் ஒன்று.