நாலு பேர்தான் இருக்கோம்

குட்டியின் அம்மாவுக்கு,

நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

காவலிலிருந்து என்னை விடுவிப்பது தள்ளிப்போயிருப்பதாக இன்று காலை வக்கீல் சொன்னார். பயப்படாதே, வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. நிலையான முகவரி இருந்தால், ஓடிப்போக மாட்டேன் என்று நம்பி விசாரணை முடியும்வரை வெளியே விடுவார்களாம். அதைச் சரிபார்க்க அதிகாரி எங்கள் அறைக்கே போயிருக்கிறார். உன் அண்ணன்தான் கதவைத் திறந்தாராம்.

"நாங்க நாலு பேர்தான் சார். இவர் இங்க இல்ல."

நாலு பேருக்கு மட்டுமே அனுமதியுள்ள அறையில் ஒன்பது பேர் தங்குகிறோம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் என் போட்டோவைக் காட்டியுமா?

போனில் கேட்டேன். "பழக்கதோஷம் மாப்ளே" என்று சிரித்தார். என் கட்டிலுக்கு அதற்குள் ஆள் வந்தாயிற்று.

நான் அனுப்பிய கடித உறைகளில் அறை முகவரி இருக்கிறது. படமெடுத்து வக்கீலுக்கு அனுப்பு. எனக்கும் நீளமாக எழுது. இங்கே நேரம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். அதுவரை உறைகளைப் பற்றி அண்ணனிடம் மூச்சு விடாதே.