வார்டு வரிசை

பெர்கன், வியாழன் மாலை

அன்புள்ளவனே,

வலி மருந்து ஏன் அவ்வளவு தாமதமானது என்று நர்ஸிடம் கேட்டாயாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அறுவை முடிந்து நீ வார்டுக்கு வந்த நேரத்தில்தான், எங்கள் கணினிக் குழு பார்த்துக்கொள்ளும் மருந்துத் திரைகள் எல்லா வார்டிலும் இருண்டன. யாருக்கு எந்த மருந்து என்று பார்க்க வழியில்லை.

மருத்துவமனை இயக்குநர் போனில் கத்தினார்: "யாரு கை வச்சது? பேரு வேணும்!"

"மொதல்ல சரிபண்ணுவோம். பேரு எங்கயும் ஓடிடாது," என்றேன்.

என் குழுவின் ஐவிந்த் வெளுத்துப்போய் நின்றான். "நான்தான் புரோகிராம மாத்துனேன். வெளிய போயிடட்டுமா?"

"போனா யாரு சரிபண்றது? என்ன மாத்துனன்னு உனக்குத்தானே தெரியும். உக்காரு."

ஒவ்வொரு வார்டாகத்தான் மீட்க முடிந்தது. குழந்தைகளின் தீவிர சிகிச்சை, அடுத்து பிரசவம் என்று வரிசை சொன்னேன். நீ எங்கே படுத்திருக்கிறாய் என்பது ஐவிந்துக்குத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் வார்ட முன்னாடி போட்டுடவா? யாருக்கும் தெரியாது," என்று காதருகே கேட்டான்.

"வரிசைப்படி போ."

உன் வார்டு கடைசியில் வந்தது. அதன்பின் அவன் கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல், உன் வார்டின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை அவன் பூவோடு உன்னைப் பார்க்க வருகிறான். அவனிடம் சிரித்துப் பேசு. கோபம் முழுவதும் என் மேலேயே இருக்கட்டும்.

உன்னவள்