மூட்டத்துக்குள் கனல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மாத்திரை போட்டபின் வயிறு புரட்டுவது குறைந்ததா?

புனேயில் நான் நலம். ஆய்வகத்தில் எங்கள் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள். என் உடம்பிலும் காசநோய்க் கிருமி தூங்குகிறதாம், நோயில்லை, பயப்படாதீர்கள்.

நுரையீரலில் நுழையும் கிருமியை உடம்பின் காவல் செல்கள் விழுங்கும். கொல்ல முடியாவிட்டால், நீங்கள் விறகை அடுக்கிக் கரி சுடும் கரிமூட்டத்துக்கு மண் பூசுவதுபோல் சுற்றி அடைத்துவிடும். மண் வெடித்தால் உள்ளே கனல் பற்றிக்கொள்ளும். உங்களுக்கு அதுதான் நடந்தது.

தினமும் இதை நுண்ணோக்கியில் பார்க்கிறவள் நான். நீங்கள் போனில் இரண்டு மாதம் இருமியபோது, "மூட்டப் புகைதாம்ப்பா, பனங்கற்கண்டு போட்டுக்கோங்க" என்றேன்.

"அவுக தட்ட அவுகளே தனியா வச்சுக்கிட்டாக" என்று உங்களைப் பற்றிச் சொன்னார் அம்மா. தட்டால் இது ஒட்டாதுப்பா.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பொங்கலுக்கு வருகிறேன். அந்தத் தட்டிலேயே எனக்கும் சோறு போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
சத்யபிரியா