பூஜைக்கு முன் இலந்தை

19 ஜனவரி 2003, ஞாயிறு

பெஹாலா சந்தையில் இலந்தைப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். இங்கே வங்காளிகள் குல் என்கிறார்கள். வேகவைத்து, கொட்டை எடுத்து, கூழில் வெல்லமும் வற்றல் மிளகாயும் போட்டுக் கொதிக்கவிட்டேன். மட்டனைத் தனியாக வேகவைத்துச் சுருள வதக்கி, அந்தச் சாற்றை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்தேன். புளிப்பும் இனிப்பும் காரமுமாக... நானே அசந்துபோனேன்.

மஹிமா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "என்ன பழம்மா?" சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"சரஸ்வதி பூஜோக்கு முன்னாடி குல் சாப்பிட்டா பரீட்சையில ஃபெயில்தான்! இங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். உனக்கு ஒண்ணுமே தெரியாது!"

இவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "யாரையாவது கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா? பத்தாவது படிக்கிற பொண்ணு" என்கிறார். மூன்றாவது தடவை போட்டுக்கொண்ட பிறகு!

மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. யாராவது எனக்கு இதைச் சொன்னார்களா?

20 ஜனவரி

மீதியை நானே தின்று தீர்த்தேன். நல்ல ருசி. எரிச்சல்தான் தீரவில்லை.

6 பிப்ரவரி

இன்று பூஜை. நம்மூர் மாதிரி நவராத்திரியில் இல்லை, இங்கே சரஸ்வதி பூஜை தை மாசத்தில்தான். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கணக்குப் புத்தகத்தைச் சரஸ்வதி காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டாளாம். என்னிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

1 மார்ச், சனி

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. இன்று இந்தியா–பாகிஸ்தான் மாட்ச். இவருடைய ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேர், கூடத்தில் ஒரே கூச்சல். மூன்று வாரமாக இதே கதைதான். படித்துக்கொண்டிருந்தவளும் புத்தகத்தோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அணைங்க" என்றேன்.

"உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான்டி வருது."

பத்தாவது எத்தனை தடவை வருமாம்? எனக்கு டீ போடும் வேலை.

9 ஜூன்

கணக்கில் ஃபெயில். மற்றதெல்லாம் பாஸ்.

"அன்னிக்கு நீ போட்ட கறிதாம்மா" என்கிறாள். இவரும் தலையை ஆட்டுகிறார்! ஊருக்கு போன் போட்டு அவர் அக்காவிடமும் அதையே சொல்கிறார். சிரித்துக்கொண்டு! மனுஷனா இவர்? ஒன்றரை மாசம் அலறிய டிவி யார் கண்ணிலும் படவில்லை, என் சட்டிதான் பட்டது.

என் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சே — அதுக்கு என்னால அழக்கூட முடியல. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

11 ஜனவரி 2004, ஞாயிறு

இவர் மட்டனும் ஒரு கிலோ இலந்தையும் வாங்கி வந்தார். "போன வருஷம் பண்ணியே, அதைப் பண்ணு. பழத்துக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? சும்மா பேச்சு."

அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஜூன் மாசம் எங்கே போயிருந்தது இந்த ஞானம்?

உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்தேன். இலந்தை முழுவதையும் உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைத்துவிட்டேன். பூஜை இருபத்தாறாம் தேதி. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதுவரை ஒரு பழம் என் அடுப்படிக்குள் வராது.

சாயங்காலம் கேபிள்காரரை வரவழைத்து, பரீட்சை முடியும்வரை கனெக்ஷனையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் மாட்ச் நடக்கிறதாம், இவர் தாம்தூம் என்று குதித்தார்.

மஹிமா கணக்கு நோட்டோடு எழுந்து வந்தாள். "அப்பா, கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.