பட்டுப்போன வாகை

டீச்சர்,

எங்கள் எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். வேங்கிக்கால் பக்கம் இப்போது காலி மனை என்று ஒன்றைக் காண்பதே அரிது. இன்று காலை ஆசாரி ஜன்னல் சட்டத்துக்கு மரம் அறுத்தார். அந்தத் தூளின் வாடை தெருவைத் தாண்டி வந்தது. போய்ப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்தது, வாகை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வாடை போகவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளத்தங்கரையில் நின்ற அந்த வாகை பட்டுப்போனதுதான். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தவன் நான், உள்ளே பச்சையே இல்லை. இரண்டு மழைக்காலம் போயும் ஒரு துளிர் விடவில்லை. இந்த விஷயத்தில் இன்றைக்கும் நான் இறங்கி வருவதாக இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பழைய புத்தகங்களைப் படித்தும், காட்டில் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டும் செடிகளைத் தெரிந்துகொண்டேன். விதை பொறுக்கி, பால் கவரில் மண் அடைத்து, கன்று போட்டு, மலையடிவாரத்தில் நட்டேன். படித்தவர்கள் பார்க்க வருவார்கள். போட்டோ எடுப்பார்கள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்பார்கள். நான் பதில் சொன்னதும் அவர்கள் முகம் வேறு யாரிடமோ திரும்பிவிடும். நீங்கள் அதைக் கேட்கவில்லை. அடி அண்ணாமலையில் என் நாற்றங்காலுக்கு வந்த முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்து, "ஐயா, இந்த விதைய மட்டும் ஏன் வெந்நீர்ல போடுறீங்க?" என்று கேட்டீர்கள். என் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் அன்றிலிருந்து உங்களை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிள்ளைகளைக் குளத்தங்கரைப் புதர்க்காட்டுக்கு அழைத்து வருவீர்கள். ஆளுக்கு ஒரு மரம். வருஷம் முழுக்க அதே மரத்தின் முன்னால் உட்கார்ந்து, கண்டதை நோட்டில் எழுத வேண்டும். மரத்தின் பெயரை மட்டும் சொல்லித்தர மாட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"பேரு தெரியாம இன்னாத்துக்கு டீச்சர் பாக்கறது?" என்றேன்.

"பேரு தெரிஞ்சதும் பாக்கறத நிறுத்திடறாங்க ஐயா" என்றீர்கள்.

மரங்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த ஞாயிறன்று பவித்ராவுக்குக் காய்ச்சல். ஆறாவது படிக்கிற பெண். அடுத்த மாதம் அவள் வந்தபோது மிஞ்சியிருந்தது அந்தப் பட்ட வாகைதான். மற்ற பிள்ளைகள் விடுவார்களா? "ஏய், உன் மரம் செத்துப்போச்சுடி. அடுத்த வாட்டி மாலை வாங்கினு வந்து போடு" என்று சிரித்தார்கள். அவள் மொட்டை மரத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேறு மரம் கொடுங்கள் என்று உங்களிடம் சொன்னேன். "அவளே கேக்கட்டும் ஐயா" என்றீர்கள். அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அறுப்பு ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். "பட்ட மரந்தான, வெட்டிக்க" என்றார்கள். நான் கேட்காமல் விட்டது இரண்டே பேரை, உங்களையும் அந்தப் பிள்ளையையும். மரத்தைச் சாய்த்து, அந்த இடத்தில் இடுப்பு உயரப் புங்கன் கன்று ஒன்றை நட்டேன். என் நாற்றங்காலிலேயே நல்ல கன்று அது. மறுநாள் அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

அவள் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் மரம் எங்க தாத்தா?"

"இதாம்மா உன் மரம். உசுரோட இருக்குது பாரு."

அவள் அழ ஆரம்பித்தாள். நீங்கள் வந்தீர்கள். "கேக்காம ஏன் ஐயா வெட்டுனீங்க? அது அவ மரம்."

"பட்ட மரம் டீச்சர்."

"பட்டா என்ன? அதுல எறும்பு இருந்துச்சு, வண்டு இருந்துச்சு, மரங்கொத்தி வந்து போச்சு. இத்தன மாசமா எழுதியிருக்கா. நோட்ட வாங்கிப் பாருங்க."

நான் நோட்டை வாங்கவில்லை. "நாப்பது பசங்க எதிர்ல என்னை நிக்க வெச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கோபத்துக்குக் கீழே இருந்ததை இப்போது எழுதுகிறேன். சனிக்கிழமை மரம் விழுந்தபோது பொந்து இருந்த இடத்தில் பிளந்தது. உள்ளே மூன்று முட்டைகள். இரண்டு உடைந்து வழிந்தன. ஒன்று உடையவில்லை. "இன்னா பெரியவரே அது?" என்று அறுப்பு ஆள் எட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல, நீ கிளைய வெட்டு" என்றேன். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். உடையாததையும் சேர்த்துத்தான் மூடினேன். அதன் பக்கத்திலேயே குழி தோண்டிப் புங்கனை நட்டேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் போன் செய்தீர்கள். "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா ஐயா?" ஒவ்வொரு முறையும், வேலை ஜாஸ்தி என்றேன். என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருப்பாள். "இன்னா வேலை? சேர்ல சாஞ்சிக்கினு ஃபேன் சுத்தறத பாக்கற வேலையா? அந்தப் பொண்ணு எத்தினி வாட்டிதான் கூப்புடும்? உன் வீம்ப நீயே கட்டிக்கினு அழு."

நீங்கள் மன்னிப்புக் கேட்டால் போகலாம் என்று நான் இருந்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீங்கள் இருப்பதாக நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. ஓர் ஆடி மாதத்தோடு போன் நின்றது. சரி, கோபம் என்று நினைத்தேன். ஓய்ந்துவிட்டீர்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திகூடப் பட்டேன். அதையும் மறைக்கவில்லை.

கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப் சுவரில்தான் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். பெயரை இரண்டு முறை படித்தேன். நீங்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது ஊரில் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் சொல்லவில்லை? கேட்கிற உரிமை இல்லாதவன் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

காரியத்துக்குப் போனேன். பந்தலில் பவித்ரா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வளர்ந்துவிட்டாள்.

"டீச்சருக்கு உங்க மேல கோவமே இல்ல தாத்தா" என்றாள். பிறகு, "அன்னிக்கு நீங்க போனப்புறம் புங்கனுக்குப் பாத்தி கட்டலாம்னு நாங்க ரெண்டு பேரும் மண்ணைக் கிளறினோம். நொறுங்கின முட்டை ஓடு வந்துச்சு. அப்பவே ஓடியாந்து உங்கள கேக்கலாம்னு பாத்தேன். டீச்சர்தான் வேணாம்னுட்டாங்க. 'அவருக்குத் தெரியும். அவரே வந்து சொல்வாரு'ன்னாங்க" என்றாள்.

அத்தனை போனும் அதற்குத்தான். மன்னிப்பை நீங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

போன ஞாயிறு போனேன் டீச்சர். இப்போது வேறொரு பெண் பிள்ளைகளை அழைத்து வருகிறாள். புங்கன் நிழல் தருகிற அளவுக்கு நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். இங்கே ஒரு வாகை இருந்தது, நான்தான் வெட்டினேன், பொந்தில் மூன்று முட்டை இருந்தது, மண்ணைத் தள்ளி மூடினேன், ஒன்று உடையாமல் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி கேட்டாள். "என்ன பறவையோட முட்டை தாத்தா?"

வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் உருண்டை. கிளியாக இருக்கலாம், சின்ன ஆந்தையாக இருக்கலாம். செடி கொடி என்றால் யாரும் என்னை மடக்க முடியாது. பறவைகளை அறிந்தவர் நீங்கள். அன்றைக்கே மண்ணை விலக்கி உடையாத அந்த முட்டையைக் காட்டியிருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பீர்கள். இப்போது தெரிந்தவர்களைக் கேட்டால், பார்க்காமல் எப்படி ஐயா சொல்வது என்கிறார்கள்.

"தெரியலம்மா" என்றேன் அவளிடம். அவள் நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.