பங்காளிக்கு வைத்த சோறு

மாமா,

இன்று உங்கள் முதல் வருஷத் திதி. மொட்டைமாடியில் இலை போட்டு, சுடுசோற்றில் நெய் ஊற்றினேன். அந்த வாசனை எழுந்ததும் நீங்கள் பின்னால் நின்று சிரிப்பது போலவே இருந்தது.

காக்கா வரவில்லை. சேக்காட்டில் நம் தெரு மரங்களை வெட்டியதிலிருந்தே காக்காய் குறைந்துவிட்டது. ஆனால் உங்கள் தங்கச்சி வேறு மாதிரி சொன்னாள். "அண்ணனுக்கு இன்னாவோ மனக்குறை கீது, அண்ணி. அதான் வர மாட்டேங்குது." உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

நீங்கள் காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். நான் அஞ்சாவதோடு நின்றவள். பழங்கல் சேர்ப்பதில் உங்களுக்குப் பித்து. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிணறு தோண்டிய இடத்திலிருந்து ஒருநாள் கல் கொண்டுவந்தீர்கள். "இதுல எச்சம் கீது புள்ள, பத்திரம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். நான் காக்காய் எச்சம் என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டேன். வந்து பார்த்துத் தலையில் கைவைத்தீர்கள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "கோடி கோடி வருசமா போவாதது, உன் தேங்கா நாருக்கா போவும்?" என் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்தீர்கள். இலை நரம்பு தட்டுப்பட்டது. செத்த பிறகு மிஞ்சுவதற்கும் எச்சம் என்றுதான் பேராம்.

சாயங்காலங்களில் இதே மாடியில் படுத்திருப்போம். "ஒரு காலத்துல இங்கல்லாம் கடலு. மீனு நீந்துன எடத்துல படுத்துகினு கீறோம்" என்பீர்கள். தரை மெல்ல அசைவது போலிருக்கும். ஆவடி ரயில் கத்தினால் ஏதோ பெரிய மிருகம் தண்ணீருக்கு வருவது போலிருக்கும். உங்கள் அப்பா திதியில் நான் காக்காயைக் கூப்பிட்டபோது சொன்னீர்கள்: "காக்காவோட பாட்டன் டைனோசரு. அதுக்கும் நமக்கும் வேரு ஒண்ணு. யாரு வந்து துன்னாலும் பங்காளிதான்."

இன்று தண்ணீர்த் தொட்டிக் குழாய் வழியாக ஒரு அணில் இறங்கியது. "ச்சூ! காக்கா வாய் வெக்கறதுக்கு முன்னாடி…" என்று உங்கள் தங்கச்சி கை ஓங்கினாள். பிடித்துக்கொண்டேன்.

"வுடு. உங்க அண்ணனுக்குப் பங்காளி."

"அணிலா? இன்னா அண்ணி உளர்றே?"

உங்களைப் போல விளக்க எனக்கு வரவில்லை. அணில் ஒரு பருக்கையை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. உங்கள் தங்கச்சி குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "அண்ணன் கல்லைப் பாக்குற மாதிரியே பாக்குது" என்றாள்.

அது தின்றது, மாமா. அப்போதுதான் எனக்கும் பசித்தது. சாப்பிட இறங்கினோம். இலையோரம் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. தட்டிவிடவில்லை.